தீவுக்குருவிக்குப் பாட்டில் கட்டும் நாள்

வில்லியனூர் பக்கத்துச் சூசையார்பேட்டையில், கரும்புத் தீவுகளில் செத்துப்போனவர்கள் ஆண்டுதோறும் தவக்காலத்தில் கட்டைவிரல் பருமன் குருவிகளாக ஊர் திரும்பி, அவரவர் வீட்டு இறவாரத்தில் சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறார்கள். அந்த மாதத்தில் ஊர்க்கடையில் சர்க்கரை கிலோவுக்கு இரண்டு ரூபாய் ஏறும். வில்லியனூர் கடைத்தெருவில் பழைய விலைக்கே கிடைக்கும்தான், ஆனால் பஸ் காசை யார் கொடுப்பது. ஐந்து வருஷம் கரும்பு வெட்டினால் கப்பல் செலவு போட்டுத் திருப்பி அனுப்புகிறோம் என்று சொல்லித்தான் பிரெஞ்சுக்காரன் அந்தக் காலத்தில் இந்த ஊர் ஆட்களைப் புதுச்சேரியில் கப்பல் ஏற்றினான். திரும்பி வந்தவர்கள் எல்லோரையும் சேர்த்து ஒரு மாட்டு வண்டியில் உட்கார வைத்திருக்கலாம். மற்றவர்கள் இப்படித்தான் வருகிறார்கள். நம்மூர்த் தேன்சிட்டு கிளையில் உட்கார்ந்து குடிக்கும். தீவுக்குருவி உட்காராது. அந்தரத்திலேயே நின்று, றெக்கை கண்ணுக்குத் தெரியாமல், பழைய தையல் மெஷின் ஓடுகிற சத்தத்தோடு குடிக்கும். குடித்து முடித்ததும் திரும்பாமல் பின்பக்கமாகவே பறந்து விலகும். துரைமார்களுக்கு முதுகைக் காட்டக் கூடாது என்று பின்னாலேயே நடந்து பழகியது செத்த பிறகும் போகவில்லை என்று ஊரில் சொல்கிறார்கள். துபாயிலும் குவைத்திலும் செத்தவர்கள் இப்படி வருவதில்லை. அவர்கள் பெட்டியில் வந்துவிடுவார்கள், அவர்களுக்குப் பாட்டில் கிடையாது.

பாட்டில் என்றால் குவார்ட்டர் பாட்டில். புதுச்சேரியில் அதற்கா பஞ்சம், வரப்புக்கு நாலு கிடக்கும். சுடுதண்ணீரில் அலசி, மூடியில் ஓட்டை போட்டு, காலி ரீபிள் குழாயைச் செருகித் தலைகீழாகக் கட்டுவார்கள். நாலு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு சர்க்கரை. வெல்லம் ஆகாது. ஒருவர் சிக்கனம் பார்த்து வெல்லம் கரைத்து வைக்க, அது இரண்டு நாளில் பொங்கிப் புளித்து, அவர் வீட்டு முன்னோர் மூன்று பேர் போதையில் சுவரில் முட்டிக்கொண்டார்கள். கலர் பவுடரும் போடக் கூடாது. மூடியைச் சுற்றி ஒரு சிவப்புத் துணி கட்டினால் போதும், சிவப்பைக் கண்டால் குருவி வந்துவிடும். விபூதி புதன் அன்று கோயிலில் நெற்றிக்குச் சாம்பல் வாங்கிக்கொண்டு வந்து சாயங்காலம் கட்ட வேண்டும். ஈஸ்டர் கழிந்து வில்லியனூர் மாதா கோயிலில் கொடி ஏறுகிற அன்று அவிழ்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் குருவி திரும்பிப் போகாமல் கத்திரி வெயிலில் மாட்டிக்கொள்ளும். மாரியம்மன் கோயில் தெருக்காரர்களும் இதே நாளில்தான் கட்டுகிறார்கள். கப்பலில் ஏற்றும்போது யாரும் மதம் பார்க்கவில்லை, குருவியும் பார்ப்பதில்லை.

இரண்டு விஷயத்தில் மட்டும் ஊர் யாருக்கும் விட்டுக்கொடுக்காது. உயிரோடு இருப்பவனுக்குப் பாட்டில் கட்டக் கூடாது. சின்னப்பிள்ளை என்பவர் தெருவில் எல்லார் வீட்டிலும் தொங்குகிறது, நம் வீடு மட்டும் மொட்டையாக இருக்கிறதே என்ற பொறாமையில், தீவில் கடை வைத்து நன்றாக இருந்த தம்பியின் பேரில் ஒன்றைக் கட்டிவிட்டார். மூன்றாம் நாள் குருவி வந்தது. அதற்குப் பின்னால் தந்தி வந்தது. இங்கே பாட்டில் கட்டிய அதே நேரத்தில் அங்கே தம்பி சாப்பாட்டு மேஜையில் சாய்ந்தானாம், சீக்கு ஒன்றும் கிடையாதாம். இது ஒன்று. செத்தவனுக்குக் கட்டாமலும் இருக்கக் கூடாது, இது இரண்டாவது. தீவுக்குருவி பசி தாங்காது. காலையில் வந்தது பொழுது சாய்வதற்குள் குடிக்காவிட்டால் விழுந்துவிடும். பட்டினியில் விழுந்தது அடுத்த வருஷம் பாதி அளவில் வரும். மூன்றாவது முறை விழுந்தால் அதோடு சரி, வராது. பசித்தாலும் அடுத்த வீட்டுப் பாட்டிலில் வாய் வைக்காது, அவ்வளவு ரோஷம். அதுவும் யார் வேண்டுமானாலும் கட்டிவிட முடியாது. போனவனுக்குக் கடைசியாகச் சோறு போட்ட கை உயிரோடு இருக்கும்வரை அந்தக் கைதான் கட்ட வேண்டும். அதன் பிறகு அந்த வீட்டில் யார் கட்டினாலும் குருவி கோபித்துக்கொள்வதில்லை.

ரோஸ்லின் வீட்டில் இந்தத் தொல்லை எதுவும் இருந்ததில்லை. அவளுடைய மாமனார் இக்னேஷியஸ் கோயில் உபதேசியார். விபூதி புதன் எப்போது என்று ஊருக்கு மணி அடித்துச் சொல்பவர் அவர்தான், ஆனால் அவர் வம்சத்தில் கப்பல் ஏறியவர்கள் யாரும் இல்லாததால் இறவாரத்தில் ஓர் ஆணிகூடக் கிடையாது. அவருடைய ஒரே மகன் அமல்தாஸ் எலக்ட்ரீஷியன். வெளியே போய் வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் மீட்டர் பெட்டியை ஒரு தரம் எட்டிப் பார்ப்பான். பிறகுதான் தண்ணீர், பெண்டாட்டி, பிள்ளை எல்லாம். பிரான்சில் வேலை என்று ஒரு ஏஜெண்டு சொன்னதைக் கேட்டு, மகள் சுவேதா ஒன்றாவது சேர்ந்த வருஷம் அவன் கிளம்பினான். போய் இறங்கிய பிறகுதான் அது பிரான்சு ஆளுகிற இடம்தான், ஆனால் அந்தக் கரும்புத் தீவு என்று தெரிந்தது. கேள்விப்பட்ட இக்னேஷியஸ் வாயில் போட்ட வெற்றிலையைத் துப்பிவிட்டார். ஊராரின் கொள்ளுத்தாத்தாக்களை ஏமாற்றிய அதே நாட்டின் பேரைச் சொல்லி நூற்றைம்பது வருஷம் கழித்தும் ஒருத்தனை ஏற்றிவிட முடிகிறது என்றால் யாரைக் குறை சொல்வது.

கிளம்பிய காலையில் வேன் வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. தட்டில் போட்டால் நேரமாகிவிடும் என்று, அவன் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருக்கும்போதே ரோஸ்லின் பக்கத்தில் குந்தி இட்லியைச் சர்க்கரை தொட்டு நாலு வாய் ஊட்டிவிட்டாள். ஐந்தாவது வாய்க்கு அவன் எழுந்துவிட்டான். அந்த ஐந்தாவதை அவள் நாய்க்குப் போட்டாள். ஒன்றரை வருஷம் போனில் பேசினான், பணம் அனுப்பினான், வெயில் நம்மூர் மாதிரியேதான் இருக்கிறது என்றான். கொரோனா அடங்கின சமயம் ஒருநாள், பக்கத்துத் தீவில் வேலை இருக்கிறது, ராத்திரி படகில் போகிறோம், போய்ப் பேசுகிறேன் என்றான். அதற்குப் பிறகு போன் அணைந்தே கிடக்கிறது. ஏஜெண்டும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டான்.

அடுத்து வந்த தவக்காலத்தில் ஒரு தீவுக்குருவி அவர்கள் வீட்டுக்கு வந்தது. நேராக மீட்டர் பெட்டிக்குப் போய், உள்ளே மினுக் மினுக் என்று எரிகிற சிவப்பு விளக்குக்கு எதிரில் நின்று எட்டிப் பார்த்தது. இக்னேஷியஸ் அதைப் பார்த்து நடைவாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். ரோஸ்லின் பார்த்துவிட்டு, சிவப்பைக் கண்டால் எந்தக் குருவிதான் போகாது என்றாள். சிலது வழி தவறி முதல் வருஷம் அடுத்த வீட்டுக்குப் போவதும் உண்டு, அதுவும் உண்மைதான். பக்கத்து வீட்டு கிரேஸ் மேரியின் பாட்டில் நாலடி தூரத்தில் தொங்கியது, குருவி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அங்கே ஏற்கெனவே இருக்கிற குருவிகள் விரட்டிவிடும் என்று பயம், அதனால்தான் என்றாள் ரோஸ்லின். எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு பதில் இருந்தது. அன்று அவள் பிள்ளையார்குப்பம் பெரிய ஆஸ்பத்திரிக்கு வேனில் வேலைக்குப் போய்விட்டாள், அங்கே தரை துடைக்கிற வேலை. திரும்பி வரும்போது குருவி மீட்டருக்குக் கீழே விழுந்து கிடந்தது. இக்னேஷியஸ் அதைப் போன வருஷத்துக் குருத்தோலையில் சுற்றி முருங்கை மரத்தடியில் புதைத்தார். அவள் ராச்சாப்பாடு சாப்பிட்டாள், தட்டைக் கழுவினாள், பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அவள் பயமெல்லாம் ஒன்றுதான். கட்டினால், அவன் உயிரோடு இருக்கிற பட்சத்தில் அவனைக் கொன்றவள் அவள். கட்டாவிட்டால், அவன் செத்திருக்கிற பட்சத்தில் அவனைப் பட்டினி போட்டவள் அவள். இரண்டில் எது என்று சொல்ல அந்தப் போன் ஒருநாளும் எரியவில்லை.

இரண்டாவது வருஷம் அதே குருவி பாதி அளவில் வந்தது. வழி தவறுகிற குருவி இரண்டாம் தரம் வழி தவறாது என்று தெருவே சொன்னது. அந்த வருஷம் இக்னேஷியஸ் மருமகளிடம் பேசினார். உபதேசியாராக நாற்பது வருஷம் ஊர்ச் சாவுக்கெல்லாம் ஜெபம் படித்தவர், சொந்த மகனுக்கு ஒரு இறந்தோர் பூசைகூட வைக்க முடியாமல் கிடந்தார். கட்டிவிடு, ஒன்று தெரிந்துபோகும் என்றார். தெரிந்து இன்னா பண்ணப்போறீங்க மாமா என்று கேட்டாள் அவள். அழுவணும்மா என்றார் அவர். அவள் அதற்கும் அசையவில்லை. அன்று லீவு போட்டு வீட்டிலேயே இருந்தாள், மீட்டருக்கு எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குருவியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மத்தியானத்துக்கு மேல் அதன் சத்தம் குறைந்தது. கிரேஸ் மேரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, கெஞ்சாத குறையாகச் சொன்னாள்.

"இன்னாடி ரோசு, கல்லா நீ? ஒரு டம்ளர் சக்கரத் தண்ணி. எங்க வூட்டுதுங்க நூறு வருசமா வருது, இன்னா கொறஞ்சி போச்சி?"

"உங்க வூட்டுதுங்க செத்துப்போச்சிக்கா. எங்க வூட்டு ஆளு சாவல."

பொழுது சாய்ந்ததும் அது விழுந்தது. தெருவில் அவளோடு பேசுவதைப் பாதிப் பேர் நிறுத்திக்கொண்டார்கள். மீதிப் பேர் பேசினார்கள், ஆனால் அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. அடுத்த தவக்காலம் வரை அவளும் இக்னேஷியஸும் ஒரே வீட்டில் சுவேதா வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். தாத்தாவுக்குச் சோறு வேணுமான்னு கேளு, அம்மாகிட்ட எண்ணெய் தீந்துபோச்சின்னு சொல்லு, இப்படி.

மூன்றாவது வருஷம் விபூதி புதனுக்கு மறுநாள் காலை அது வந்தபோது புளியங்கொட்டை அளவுதான் இருந்தது. முதலில் யாரும் அதைக் குருவி என்றே நினைக்கவில்லை. ரோஸ்லின் சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு வேனுக்குக் கிளம்பியவள், மீட்டர் பெட்டியிலிருந்து கொசு மாதிரி ஒரு ரீங்காரம் வருவதைக் கேட்டு நின்றாள். சிவப்பு விளக்கு எரியும்போது தெரிந்தது, அணையும்போது தெரியவில்லை. இந்தத் தடவை விழுந்தால் இதோடு சரி. வேன்காரன் ஹாரன் அடித்தான், மூன்று தரம் அடித்தான், போய்விட்டான். அவள் உள்ளே போய்ச் சர்க்கரையும் தண்ணீரும் கலந்தாள். இக்னேஷியஸ் ஜெபமாலையை வைத்துவிட்டு எழுந்து, எப்போதோ கழுவித் தயாராக வைத்திருந்த குவார்ட்டர் பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினார். அவள் அதை வாங்கவில்லை. டம்ளரிலிருந்ததை உள்ளங்கைக் குழியில் ஊற்றிக்கொண்டு, வெளியே போய் மீட்டர் உயரத்துக்குக் கையை நீட்டினாள்.

"நான் பாட்டில் கட்டல மாமா. கைய நீட்டினேன், அவ்வளவுதான். இது யாருன்னு நான் கேக்கல."

குருவி வந்து குடித்தது. தவித்த வாய் தண்ணீருக்கு எப்படிப் போகுமோ அப்படிக் குடித்தது. உள்ளங்கையில் அதன் றெக்கைக் காற்று பட்டபோதும் ரோஸ்லினின் கை அசையவில்லை. கால் மணிக்கு ஒரு தரம் அதற்குப் பசித்தது. அதனால் அவள் அன்று முழுக்க அங்கேயே நின்றாள், மறுநாளும் நின்றாள், கொடி ஏறுகிறவரை நின்றாள். ஆஸ்பத்திரியில் அவள் இடத்துக்கு வேறு ஆள் எடுத்தார்கள். ஒன்றரை மாதம் வராதவளுக்காகத் தரை அழுக்காக இருக்க முடியாது, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கை நீட்டுவது பாட்டில் கட்டியதாகுமா ஆகாதா என்று ஊரில் பெரிய விவாதம் நடந்தது. பங்குச் சாமியாரிடம் கேட்டதற்கு அவர் வேறு வேலை இல்லையா என்று கேட்டார். குருவி கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி, கட்டைவிரல் பருமனுக்கு வந்து, கழுத்தில் பச்சை மின்ன, பின்பக்கமாகப் பறந்து போனது. அந்த வருஷம் ரோஸ்லின் சந்தோஷமாக இருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். புருஷன் சாகவும் இல்லை, பட்டினியும் இல்லை. ஊர் இரண்டு கதவு வைத்திருக்க, இவள் மூன்றாவதாக ஒரு ஜன்னலைக் கண்டுபிடித்துவிட்டாள். தெருவும் பழையபடி அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தது.

அடுத்த தை மாதக் கடைசியில் கரியமாணிக்கத்து அன்புராஜ் வந்தான். அதே ஏஜெண்டிடம், அமல்தாசோடு சேர்ந்து போனவன். தீவில் பிடிபட்டு, உள்ளே கிடந்து, அனுப்பிவைக்கப்பட்டு ஊர் திரும்பியவன். ஊர் வந்து மூன்று மாதம் கழித்துத்தான் இந்தப் பக்கம் வர அவனுக்குத் தைரியம் வந்தது. காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல், சுவரைப் பார்த்தபடி சொன்னான். அந்தப் படகில் அவனும் இருந்தான். கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் அது கவிழ்ந்தது. ஒரு காலி டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு இருவரும் மிதந்தார்கள், அது ஒருவரைத்தான் தாங்கியது.

"அவருதான் கைய வுட்டாரு அண்ணி. நான் வுடுன்னு சொல்லல. சத்தியமா சொல்லல."

ரோஸ்லின் அவனைத் திட்டவில்லை. என்றைக்கு என்று மட்டும் கேட்டாள். கடைசியாகப் போன் பேசின அதே ராத்திரி. அப்படியென்றால் முதல் வருஷம் வந்த குருவியும் அமல்தாஸ்தான், இரண்டாம் வருஷம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவள் பார்த்துக்கொண்டிருந்ததும் அவனைத்தான். காபி ஆறிவிட்டது, வேறு கொண்டுவருகிறேன் என்று எழுந்தவள் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இக்னேஷியஸ் வாய்விட்டு அழுதார். மூன்று வருஷமாக அடக்கிவைத்த அழுகை, தெருமுனை வரைக்கும் கேட்டது. கிரேஸ் மேரி வந்து சோறு வடித்தாள்.

அந்த விபூதி புதனுக்கு எல்லாம் முறைப்படி நடந்தது. காலையில் இறந்தோர் பூசை. சாயங்காலம் நெற்றியில் சாம்பலோடு இக்னேஷியஸ் மீட்டருக்குப் பக்கத்து இறவாரத்தில் அந்த வீட்டின் முதல் ஆணியை அடித்தார். ரோஸ்லின் காய்ச்சி ஆறவைத்த சர்க்கரைத் தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி, அமல்தாசின் கல்யாண வேட்டிக் கரையிலிருந்து கிழித்த சிவப்புத் துணியை மூடியில் சுற்றி, தானே கட்டினாள். கயிற்றில் எறும்பு ஏறாமல் விளக்கெண்ணெய் தடவினாள். பார்த்தவர்கள் எல்லாம் இவ்வளவு நேர்த்தியான பாட்டில் ஊரில் இல்லை என்றார்கள். மறுநாள் காலை குருவி வந்தது. மீட்டரை எட்டிப் பார்த்தது. பாட்டிலைத் தாண்டிப் போய், வாசலில் நின்ற ரோஸ்லினின் வலது தோளுக்கு எதிரில் அந்தரத்தில் நின்றது.

பாட்டிலுக்குக் கிட்டத்தில் போய் நின்று பார்த்தாள். பாட்டிலைக் கையில் பிடித்துக் காட்டிப் பார்த்தாள். கண்ணில் படாமல் இருந்தால் பழகிக்கொள்ளும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குருவி கதவுக்கு எதிரில் நின்றது. சுவேதா உள்ளங்கையில் சர்க்கரைத் தண்ணீரோடு போய் நீட்டினாள், அது பிள்ளையின் முகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பக் கதவுக்கே வந்தது. மத்தியானத்துக்கு மேல் சத்தம் குறையத் தொடங்கியது. இரண்டு தரம் விழுந்தது அது, இன்னொரு தரத்துக்கு இடமில்லை. ரோஸ்லின் கதவைத் திறந்து வந்து கையை நீட்டினாள். கடைசிச் சோற்றைத் தட்டில் போட்டிருந்தால் பாட்டிலில் குடித்திருப்பான், ஊட்டியல்லவா விட்டாள் என்று கிரேஸ் மேரி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னாள். அதுதான் விஷயம் என்று ஊரும் ஏற்றுக்கொண்டது. பாட்டில் அந்த வருஷம் முழுத் தவக்காலமும் தொங்கிப் புளித்தது.

பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, ஊரே கோயிலில் இருந்த நேரம், இக்னேஷியஸ் சிலுவைப் பாதை முடிந்ததும் முதல் ஆளாக வீட்டுக்கு வந்தார். மருமகள் வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். அவர் குடையை விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்தார். நாள்பூராவும் மனசில் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டார்.

"நீயும் போயிட்டா அவனுக்கு யாரும்மா?"

"போவ முடியாது மாமா."

அவள் அதை வருத்தமாகச் சொல்லவில்லை, ரேஷன் கடை இன்றைக்கு இல்லை என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். அந்த ஐப்பசியில் அவளுக்கு டெங்கு வந்து, கையைப் பிடித்துப் பார்த்த டாக்டரே உதட்டைப் பிதுக்கினார். நாலாம் நாள் எழுந்து பாயைச் சுருட்டி வைத்துவிட்டுச் சாந்து அரைத்துச் சுவர் விரிசலைப் பூசினாள். மாரியம்மன் கோயில் தெருவில் அவளை நல்ல பாம்பு கடித்தது, பாம்புதான் செத்தது. இதெல்லாம் யாரும் வியந்து பேசுகிற விஷயமாக இப்போது இல்லை.

அந்த வலது கை மட்டும் இறங்குவதில்லை. கொடி ஏறிக் குருவி போன பிறகும், மழைக்காலத்திலும், உள்ளங்கை குழிந்தபடி தோள் உயரத்திலேயே நிற்கிறது. ஆஸ்பத்திரி வேலைக்குத் திரும்பப் போக முடியாததால் இடது கையால் பூக் கட்டக் கற்றுக்கொண்டாள். தூங்கும்போது ஜன்னல் கம்பியில் சாய்த்துக்கொள்கிறாள். முதலில் கொஞ்ச நாள் ரோட்டோரம் அவள் நின்றால் வில்லியனூர் பஸ்கள் ஏறுவதற்குத்தான் கை காட்டுகிறாள் என்று நின்று நின்று போயின. இப்போது டிரைவர்களுக்குத் தெரியும், நிற்பதில்லை. உண்மையிலேயே ஏற வேண்டும் என்றால் அவள் இடது கையைத் தூக்குகிறாள்.